திருவொற்றியூரில் சத்தியம்

கேள்வி: இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டிவிடும் 'கேஷ்லெஸ்' மருத்துவமனைகளின் பட்டியலில் எங்கள் தெரு மருத்துவமனை இருக்கிறது. ஏஜென்ட்டும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போனால், "அந்தக் கம்பெனியோடு இப்போது டை-அப் இல்லை, பணம் கட்டுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு சத்தியத்தை நம்பலாமா? இந்த ஊரில் மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். "நான் சன்னதியில் சொல்லும்போது நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று சிவனிடமே ஏற்பாடு. சிவனும் சரி என்றார். அப்புறம் சங்கிலியாருக்குத் தகவல் போனது: 'மகிழடியில் சத்தியம் கேள்.' இடம் மாறுகிறவர் உரியவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார், கவனியுங்கள். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது. இன்னொன்றுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. ஆக, கண்ணுக்கு உள்ளூரில் கேஷ்லெஸ் இல்லை என்பது அந்தக் காலத்துக் குறை.

சரி, பட்டியல். ரேட் கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவமனை விலகிக்கொள்ளும். பெயர் மட்டும் அப்படியே கிடக்கும். நீளமான பட்டியலைக் காட்டித்தானே பாலிசி விற்க வேண்டும்? 2024 ஜனவரியில் 'எங்கும் கேஷ்லெஸ்' என்று அறிவித்தார்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றாலும் 48 மணி நேரம் முன்னதாகக் கம்பெனிக்குத் தெரிவித்துக் கேட்கலாம். மருத்துவமனையும் ஒப்ப வேண்டும், சிக்கலே அங்கேதான். ஒப்பாவிட்டால் பணத்தைக் கட்டி, பில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு கிளெய்ம் போடுங்கள். பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பதிலில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பட்டியல் போடுகிறவர்களுக்குத் வடக்கே திருவொற்றியூரும் தெற்கே திருவான்மியூரும் ஒன்றுதான், இரண்டும் 'திரு'வில் ஆரம்பிக்கின்றன அல்லவா. திருவான்மியூரில் இருப்பவர் மருந்தீஸ்வரர் வேறு. வைத்தியம் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படி எழுதினால் தென்சென்னை வாசகர்கள் கோபிப்பார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பற்றி எழுதியபோது, "ஓ.எம்.ஆரிலும் நெரிசல்தான்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். சார், நீங்கள் ஏ.சி. காருக்குள் இருந்து சொல்கிறீர்கள். ஒருநாள் டூ-வீலரில் வாருங்கள், இரண்டு டிரெய்லருக்கு நடுவில் நின்று பேசுவோம்.