கழுத்து வலிக்கு நாற்காலி மட்டும் காரணமா?

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, மதியத்துக்குள் கழுத்து வலி, முதுகுக்குப் பின்னால் ஜன்னல், திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூச்சம்; விலை உயர்ந்த நாற்காலி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்குச் சந்தேகம் மடிக்கணினி மேல்தான்.

அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வாகாக வைத்தால் கழுத்து குனிகிறது; கண்ணுக்கு வாகாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. இரண்டையும் பிரிப்பதுதான் வழி. தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி கணினியை ஏற்றுங்கள். (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான பைஃபோகல் அணிபவர் என்றால் சற்றுத் தாழ்வாக.) காசு செலவழிப்பதானால் தனி விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் செலவழியுங்கள். தட்டச்சு செய்யும்போது தோள் தளர்ந்து, முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை இதற்குப் பெரும்பாலும் உயரம் அதிகம். இருக்கையில் மெத்தை போட்டு உட்காருங்கள், பாதம் தொங்கினால் கீழே ஒரு பலகை.

ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பினால் கூச்சம் பெருமளவு குறையும்.

வலி கைக்கு இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ மேசையை நகர்த்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.