எச்சில் குழாயும் மோஷன் டப்பாவும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டிஎன்ஏ கிட்டும் குடல் நுண்ணுயிர் கிட்டும் இப்போது பட்டாசு, ஜவுளி வரிசையில் பண்டிகைத் தள்ளுபடிக்கு வருகின்றன. தள்ளுபடி முடிந்து ஆறு வாரம் ஆனால் ரிப்போர்ட்டுகள் வரும். அதற்கு மறுவாரம் என் இன்பாக்ஸ் நிரம்பும். நான் டாக்டர் இல்லை, மரபணு ஆலோசகர். ரிப்போர்ட்டைப் படித்து விளக்குவதும் குடும்ப வரைபடம் போடுவதும் அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று சொல்வதும் என் வேலை. மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா என்ற கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சில் கொடுத்தால் வரப்போகும் எல்லா நோயும் தெரிந்துவிடுமா? சில ஆயிரத்துக்கும் டெஸ்ட் இருக்கிறது, அதற்குப் பல மடங்கு விலையிலும் இருக்கிறது. என்ன வித்தியாசம்? (ஈரோடு)

தெரியாது. நம் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். விலை குறைந்த கிட்டுகள் பெரும்பாலும் சிப் முறையில் சில லட்சம் இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கின்றன. விலை கூடிய எக்ஸோம் டெஸ்ட் என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு உள்ள பகுதிகளை, அதாவது மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தை, வரி விடாமல் படிப்பது. பேப்பரில் தலைப்பை மட்டும் மேய்வதற்கும் உள்ளே படிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். விலை கூடினால் படிக்கும் அளவு கூடும். உங்களுக்குத் தேவையான பதில் அதில் இருக்குமா என்பது வேறு கேள்வி. எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.

அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சித்திக்குச் சினைப்பையில் புற்றுநோய். நான் வாங்கிய கிட்டில் 'பிஆர்சிஏ திரிபு காணப்படவில்லை' என்று வந்திருக்கிறது. இனி நிம்மதியாக இருக்கலாமா? (கரூர்)

இன்னும் வேண்டாம். திரிபு என்றால் மரபணுவின் எழுத்துகளில் வரும் மாற்றம். மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களிலும் சேர்த்துக் கேடு செய்யும் திரிபுகள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. 2018-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற வீட்டு கிட், அவற்றில் மூன்றே மூன்றைத்தான் பார்த்தது. அந்த மூன்றும் அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. கரூர்க்காரருக்கு அவை 'இல்லை' என்று வருவதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் கிட் எத்தனை இடங்களைப் பார்த்தது என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. டெஸ்ட் எடுக்க வேண்டிய முதல் ஆள் நீங்கள் இல்லை, அம்மா. அம்மாவிடம் ஒரு திரிபு கிடைத்தால், அதே திரிபு உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் தேடலாம். அப்போது 'இல்லை' என்று வந்தால் அது உண்மையான இல்லை. அம்மாவைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்தால், குடும்பத்தில் திரிபே இல்லையா, இருந்தும் உங்களுக்கு வரவில்லையா, லேப் தேடாத இடத்தில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போன வருடம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். "அம்மாவை ஏற்கெனவே குத்தாத இடமில்லை மேடம், எனக்கே எடுங்க" என்றாள் மகள். கீமோவில் அந்தம்மாவின் இடது கை நரம்புகள் கறுத்திருந்தன. நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் வலது கைப் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு நர்ஸைப் பார்த்தார். ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான். அதில் திரிபு கிடைத்தது. மகளுக்கு அது இல்லை. மகனுக்கும் பார்க்க வேண்டும் என்றபோதுதான் வீட்டில் குழப்பம் வந்தது. ஆண்களும் இதைச் சுமப்பார்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதனால் அப்பா வழியில் அத்தைகளுக்கு என்ன நோய் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பாதிப் பேர் அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரைத் திரிபால் வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். ஆனால் 44 வயது, கூடவே சினைப்பை என்றால் அந்தப் பத்துக்குள் இருக்க வாய்ப்பு உண்டு. புற்றுநோய் மருத்துவமனையில் கேட்டு அம்மாவுக்கு முழுமையான பரிசோதனை எடுங்கள். திரிபு கிடைத்தால் அவருடைய சிகிச்சைக்கே சில மருந்துகள் கூடுதலாகப் பொருந்தலாம்.

டெஸ்ட்டில் எனக்குச் சர்க்கரை நோய்க்கு 'அதிக ஆபத்து' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். வயது 36. ரொம்பப் பயமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்குச் சர்க்கரை என்று நீங்களே அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் அந்தச் சிவப்புக் கட்டமும் சொல்கிறது, கொஞ்சம் செலவோடு. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் திரிபுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண் அது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தது. நமக்கு அது அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். இடுப்பை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. டேப் இருபது ரூபாய்.

மகனுக்குக் கிரிக்கெட் ஜீன் இருக்கிறதா என்று பார்க்கலாமா? (மதுரை)

அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

அத்தை மகனைக் கல்யாணம் செய்வதாக இருக்கிறேன். இரு வீட்டிலும் எந்த நோயும் இல்லை. கல்யாணத்துக்கு முன் என்ன டெஸ்ட் எடுக்கலாம்? யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. (திண்டுக்கல்)

நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றாவது சொந்தத்தில் நடப்பதுதான். கணக்கை மட்டும் சொல்கிறேன். எந்தத் தம்பதிக்கும் குறையுள்ள குழந்தை பிறக்க 100-க்கு 2 அல்லது 3 வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதாவது 100-ல் 94, 95 குழந்தைகள் நன்றாகவே பிறக்கும். தாய்மாமனைக் கட்டினால் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே பொதுவாக இருக்கும் மரபணுக்கள் நான்கில் ஒரு பங்கு. உங்கள் உறவில் எட்டில் ஒரு பங்கு.

'எந்த நோயும் இல்லை' என்பதில்தான் நான் கொஞ்சம் நிற்பேன். பத்துப் பொருத்தம் பார்க்கும் பெரியவர்களிடம் வேறு சில கேள்விகளையும் கேளுங்கள். பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா? காது கேளாதவர், வலிப்பு வந்தவர், நடக்க வராத பிள்ளை? இதெல்லாம் பெரும்பாலும் 'தோஷம்', 'காய்ச்சல் மூளைக்கு ஏறியது' என்ற பெயரில்தான் வீட்டில் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு பிள்ளை இப்போது இருந்தால், கேரியர் பேனலுக்கு (நோய் இல்லாமல் திரிபை மட்டும் சுமக்கிறோமா என்று பார்க்கும் டெஸ்ட்) காசு கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு என்ன என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

யாரும் இல்லையென்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயிலிருந்து தொடங்குங்கள். சாதாரண ரத்த எண்ணிக்கையும் ஹெச்பிஎல்சி என்ற லேப் முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் போதும். ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் கேரியராக இருக்க வாய்ப்பு அதிகம். கேரியருக்கு நோய் கிடையாது. இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அதன் பிறகு வசதி இருந்தால் இருவரும் சேர்ந்து விரிவான கேரியர் டெஸ்ட் எடுக்கலாம். அதில் இருவருக்கும் ஒரே மரபணுவில் திரிபு இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். உங்களுக்கு நாலு, அவருக்கு மூன்று என்று தனித்தனியாக வருவது எல்லோர் வீட்டுக் கதையும்தான்.

சொந்தத்தில் கட்டாதவர்களும் இந்தப் பதிலைத் தாண்டிப் போக வேண்டாம். பல தலைமுறையாக ஒரே சமூகத்துக்குள் கட்டினாலும் இதே விளைவு வரும். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழுக்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவில் 260-க்கு மேற்பட்ட சமூகங்களைப் பார்த்ததில் 81 சமூகங்களுக்கு இந்தத் தாக்கம், இதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களைவிட வலுவாக இருந்தது. உதாரணமாக, ஆரிய வைசியர்களில் சிலருக்கு, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தப் போடும் ஸ்கோலின் மருந்து நெடுநேரம் இறங்காது. பழைய மயக்க மருந்து நிபுணர்கள் பலருக்கு இது ஜீன் டெஸ்ட் வருவதற்கு முன்பே தெரியும்.

என் மாமா 38 வயதில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். 'இந்தியர்களின் இதய ஜீன்' என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்கலாமா? (சேலம்)

இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்து காணாமல் போகும் திரிபு அது. 2009-ல் வெளியான ஆய்வு, தெற்காசியர்களில் 100-க்கு சுமார் 4 பேரிடம் அது இருக்கிறது என்றது. அந்த ஆய்வை முன்னின்று செய்த தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைத் தொடங்கியவர். இதைச் சுமப்பவர்களில் நிறைய பேருக்கு இதயத்தில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆகவே அதை மட்டும் தனியாகப் பார்ப்பது உங்களுக்கு உதவாது.

இந்த வாரமே மாமாவின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு இசிஜி, ஒரு எக்கோ எடுத்து இதய மருத்துவரைப் பாருங்கள். உங்கள் அம்மாவும் அதில் அடக்கம். ஜீன் டெஸ்ட் வேண்டுமா என்று அந்த மருத்துவர் அப்புறம் சொல்வார். மற்ற கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொல்லலாம், இது அப்படி இல்லை.

டிஎன்ஏ கம்பெனி தந்த மூலத் தரவை (ரா டேட்டா ஃபைல்) வேறொரு வெப்சைட்டில் ஏற்றினேன். எனக்குப் பெயர் தெரியாத ஆபத்தான திரிபு என்று வந்தது. (சென்னை)

2018-ல் வெளியான ஒரு ஆய்வில், இப்படி மூலத் தரவில் 'கிடைத்த' திரிபுகளை முறையான லேபில் சரிபார்த்தபோது 40 சதவீதம் பொய்யாகப் போயின. மருத்துவ லேபில் உறுதி செய்யும்வரை அது உங்கள் திரிபு அல்ல. யாருக்கும் போன் போட்டு அழ வேண்டாம்.

குடல் டெஸ்ட்டில் 'பன்மை குறைவு, நல்ல பாக்டீரியா 32 சதவீதம்' என்று வந்து, மாதச் சந்தாவில் ஒரு பவுடரும் சொல்கிறார்கள். வாங்கலாமா? வயிற்றில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. (கோவை)

பன்மை என்றால் எத்தனை வகை பாக்டீரியா இருக்கிறது என்பது. வாங்கலாமா என்பதற்குக் கடைசி வாக்கியத்தில் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். இருந்தாலும் என் கதையைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே காலை, ஒரே மோஷன், ஒரே மரக்குச்சி. இரண்டு கம்பெனிக் குழாய்களில் போட்டு அனுப்பினேன். கூரியர்க்காரர் இரண்டு கவரையும் ஆட்டிப் பார்த்து "ஊறுகாயா மேடம்?" என்றார். ஒரு ரிப்போர்ட் என் குடலைப் பச்சை வட்டத்தில் போட்டது. இன்னொன்று மஞ்சளில் போட்டு, தயிரைக் குறைக்கச் சொன்னது. பச்சை வட்டம் போட்டவர்கள் தயிரைக் கூட்டச் சொன்னார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. சில பாக்டீரியாக்களின் சுவர் கெட்டி. அதை உடைத்து டிஎன்ஏவை எடுக்கும் முறை லேபுக்கு லேப் மாறும். பாக்டீரியாவின் ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிக்கும், விலை குறைந்த 16எஸ் முறை பெரும்பாலும் குடும்பப் பெயர் வரைதான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அப்புறம் எல்லாம் சதவீதம்: ஒன்று நிஜமாகக் கூடினால் மற்றது குறையாமலே குறைந்ததாகத் தெரியும். 'நார்மல்' என்ற அளவு யாருடைய குடலிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். சோறும் பருப்பும் காய்கறியும் தின்னும் நம் குடலில் பிரெவோடெல்லா என்ற பாக்டீரியா நிறைய இருக்கும். இறைச்சியும் கொழுப்பும் கூடிய மேற்கத்திய உணவுக்காரர்களோடு ஒப்பிட்டால் அது கோளாறு மாதிரித் தெரியும்.

'உடம்பில் நம் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா' என்று கிட்டோடு வந்த கையேட்டில் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய சமம் என்றுதான் வந்தது. மொத்த எடை 200 கிராம் போல.

பவுடர் வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்காமல் போவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் குடல் டாக்டரிடம் போங்கள். அவர் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டுவது), மறை ரத்தம் (கண்ணுக்குத் தெரியாத ரத்தம்) என்று கேட்கும் மல டெஸ்ட்டுகள் வேறு. அவற்றின் பதிலை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

பழைய சோறு போதுமா, புரோபயாட்டிக்கே வேண்டாமா? (தஞ்சாவூர்)

சாப்பிடுங்கள், நல்லது. சோறு ஆறும்போது அதில் ஒரு பங்கு மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறிக் குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகும், ஊறும்போது நொதிக்கவும் செய்யும். சுத்தமான தண்ணீர், மூடிய பாத்திரம். சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்து. சின்ன வெங்காயம் இல்லாமல் எனக்கு இறங்காது.

ரிப்போர்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடுமா? (புதுச்சேரி)

தானாகப் போகாது. அமெரிக்காவில் 2008-லேயே வந்ததுபோல மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 'மரபணுக் கோளாறு' என்று பொதுவாகச் சொல்லி உடல்நலக் காப்பீட்டில் விலக்கு வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் நேரடியாகக் கேட்டால் மறைக்காதீர்கள், பின்னால் கிளெய்மில் சிக்கல் வரும். பெரிய பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு டெஸ்ட்டை யோசிக்கலாம்.

கம்பெனியே தடுமாறினால் தரவு என்னவாகும் என்பதையும் யோசியுங்கள். அமெரிக்க டிஎன்ஏ கிட் கம்பெனியான 23அண்ட்மீயில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. கிட் வாங்கும் முன், தரவை அழிக்கும் பொத்தான் அவர்கள் தளத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அஞ்சு நிமிடத்தில் கிடைக்காவிட்டால் வேறு கடை.

கிட் வாங்கி அலமாரியில் எட்டு மாதமாகக் கிடக்கிறது. இப்போது கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

குழாயில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். எச்சில் என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு, டீ, வெற்றிலை, பல் துலக்கல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கோடு வரை எச்சில்தான் நிரம்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள் எச்சில் கொடுக்க வேண்டாம், மஜ்ஜை தானம் செய்தவரின் டிஎன்ஏவும் கலந்து வரும். மோஷன் கிட் என்றால், சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் கம்பெனி சொல்லும் இடைவெளி வரை பொறுங்கள். பார்கோடு ஸ்டிக்கரைக் குழாயில் ஒட்டும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் குழாயில் மனைவி ஸ்டிக்கர் ஒட்டி வந்த ரிப்போர்ட்டை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.