இருபுறமும் மன்னர் தலை

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில், ஒரு பக்கம் மன்னர் தலை புடைப்பாகவும் மறுபக்கம் அதே தலை குழிவாக, இடவலம் மாறியும் உள்ளது. இது போலியா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அச்சுப் பிழையாக இருக்கலாம். நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட காசு வெளியே விழாமல் பின்பக்க அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெள்ளி வில்லையில் அந்தக் காசின் தலைப்பக்கமே குழிவாகப் பதிந்துவிடும். எனினும், இரண்டு காசுகளைக் கவ்வியில் வைத்து நெருக்கி இத்தகைய குழிவை உண்டாக்குவோரும் இருப்பதால், முன்பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மன்னரின் காதும் தாடியும் நசுங்கித் தட்டையாகியிருந்தால் சந்தேகிக்கத்தான் வேண்டும். எடை 11.66 கிராமை ஒட்டி இருக்கவேண்டும். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், சேகரிப்பாளர் மதிப்பு அதோடு போய்விடும்.

ஆண்டு பின்பக்கத்தில்தான் பொறிக்கப்படும் என்பதால் உங்கள் காசில் அது இராது. ஆனால் மன்னரின் அங்கியிலுள்ள யானை, குட்டைத் துதிக்கையுடன் பன்றிபோலத் தெரிந்தால், அது 1911-ஆம் ஆண்டு வடிவம்; சர்ச்சைக்குள்ளானதால் பின்னர் திருத்தப்பட்டது.