முதலில் மஞ்சள், அப்புறம் கேமரா

கேள்வி: சிக்னலில் மஞ்சள் விழுந்த கண நேரத்தில் கேமரா படம் பிடித்து அபராதம் அனுப்பிவிடுகிறது. இந்தக் கேமராக்களால் விபத்து உண்மையிலேயே குறைகிறதா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். பொதுவாக இந்தக் கேமரா, சிவப்பு விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்டுகிற வண்டியைத்தான் படம் பிடிக்கும். மஞ்சளிலேயே தாண்டிவிட்டவரைப் பிடிக்காது.

சரி, விபத்து. அமெரிக்காவில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கே வந்து பக்கவாட்டில் மோதும் விபத்துகள் 24.6 சதவீதம் குறைந்திருந்தன. பின்னால் வந்து இடிப்பவை 14.9 சதவீதம் கூடியிருந்தன. அபராதத்துக்குப் பயந்து முன்வண்டி சடாரென்று பிரேக் போடுகிறது, பின்வண்டி வந்து இடிக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, ‘பெரிதாக ஒன்றும் குறையவில்லையே’ என்பவர்களோடு எனக்குப் பல காலமாகச் சண்டை. பின்னால் இடித்தால் நடுவில் டிக்கி இருக்கிறது. பக்கவாட்டில் இடித்தால் ஆளுக்கும் இடிக்கிற வண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான்.

ஆனால் நீங்கள் எழுதிய ‘கண நேரம்’ என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தக் கணம் எவ்வளவு நீளம்? மஞ்சள் வழக்கமாக 3 முதல் 6 வினாடி எரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். மஞ்சளில் ஒரு வினாடி குறைந்தாலும், ஒழுங்காக ஓட்டுகிறவர்கூட நிற்கவும் முடியாமல், தாண்டவும் முடியாமல் மாட்டிக்கொள்வார். இந்தச் சிக்கலை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூன்று விஞ்ஞானிகள் 1960இல் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள்.

மஞ்சளை நீட்டச் சொல்லி நான் எழுதும்போதெல்லாம், ‘நீட்டினால் அதற்கும் பழகி, இன்னும் வேகமாக ஓட்டுவார்கள்’ என்று ஒரு வாசகர் தவறாமல் கடிதம் போடுவார். அவருக்காக பிலடெல்பியாவைச் சொல்கிறேன். அங்கே சில சந்திப்புகளில் முதலில் மஞ்சளைச் சுமார் ஒரு வினாடி நீட்டினார்கள். சிவப்பை மீறுவது 36 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு கேமரா வைத்தார்கள்; மிச்சமிருந்த மீறலில் 96 சதவீதம் போய்விட்டது. அந்த வரிசையைக் கவனியுங்கள். மஞ்சளைச் சரிசெய்யாமல் கேமராவை மட்டும் வைப்பதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மஞ்சளைச் சரிசெய்த பிறகு வைத்தால் முழு மனதோடு ஆதரிப்பேன்.

ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு 2013இல் இப்படி ஓர் அபராதச் சீட்டு வந்தது. மனிதர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்: திரும்புகிற வண்டி வேகத்தைக் குறைத்தாக வேண்டும், அதற்கு மஞ்சள் போதாது. இதை வெளியே சொன்னதற்கு, உரிமம் இல்லாமல் பொறியியல் பார்த்தார் என்று மாநில வாரியம் 500 டாலர் அபராதம் போட்டது! அவர் விடவில்லை. 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பே தன் பரிந்துரையை மாற்றி, திரும்பும் வண்டிகளுக்கும் கணக்குச் சேர்த்தது.

‘இங்கே கேமரா உள்ளது’ என்று பலகை வைக்கிறார்கள் அல்லவா? மஞ்சள் எத்தனை வினாடி என்பதையும் அதிலேயே எழுதட்டும். யார் வேண்டுமானாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.