கார்டிசால் சுரந்தும் வீக்கம் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு 52 வயது. காரைக்குடிப் பக்கம் மாமியாரோடு இருக்கிறேன். அவர்களுக்கு மறதி நோய். ராத்திரியில் எழுந்து எழுந்து முகப்புக்குப் போய்விடுவார்கள். கணவர் சிங்கப்பூரில். இரண்டு வருடமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. குதிகாலில் பட்ட காயம் ஒரு மாதமாக ஆறவில்லை. ஈறு வீங்குகிறது. காலையில் விரல் மடங்க நேரமாகிறது. கவலையில் சுரக்கும் கார்டிசால் வீக்கத்தைக் குறைக்கும் என்று படித்தேன். எனக்கு ஏன் கூடுகிறது? கார்டிசால் டெஸ்ட் எடுக்கட்டுமா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். பயமோ பதற்றமோ வந்தால் அட்ரினலின் முந்திக்கொண்டு வெள்ளணுக்களை உசுப்பிவிடும். பின்னாலேயே கார்டிசால் வந்து அடக்கும். பிரச்சினை தீர்ந்ததும் இரண்டும் இறங்கிவிடும். உங்களுக்கு அது இறங்க ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. ஓயாமல் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் காதிலேயே வாங்காமல் போவதுபோல, மாதக்கணக்கில் கார்டிசால் வந்துகொண்டே இருந்தால் வெள்ளணுக்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஹார்மோன் இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடவில்லை. அதனால் அழற்சி, அதாவது நீங்கள் சொல்லும் வீக்கம், நீள்கிறது.

காயத்தின் கதை கொஞ்சம் வேறு. அது ஆற, முதல் சில நாட்கள் நல்ல அழற்சி வேண்டும். மன அழுத்தம் அதை மட்டுப்படுத்திவிடும். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்களின் கையில் 3.5 மி.மீ. காயம் உண்டாக்கி அமெரிக்காவில் பார்த்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், மற்றவர்களைவிட அவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

ஆனாலும் ஒரு மாதம் ஆறாத காயத்தைக் கவலையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), ஹீமோகுளோபின், பாதத்தின் உணர்ச்சி, ரத்த ஓட்டம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, ஆறு வாரம் தொடர்ந்திருந்தால் முடக்குவாதப் (ருமடாய்டு மூட்டுவாதம்) பரிசோதனை அவசியம். ஈறுக்குப் பல் டாக்டர்.

கார்டிசால் டெஸ்ட் வேண்டாம். அது விடிகாலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். ஒருமுறை எடுத்த அளவு உங்கள் கேள்விக்கு விடை சொல்லாது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுக்கலாம். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் இருந்தால் நல்லது; 3-ஐத் தாண்டினால் அதிகம்; 10-ஐத் தாண்டினால் கிருமித் தொற்றாக இருக்கலாம், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

மருந்துக்கடையில் பொட்டலமாகத் தரும் 'வீக்க மாத்திரை'யைத் தொடவே தொடாதீர்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு (கார்டிசால் போல வேலை செய்யும் மருந்து) கலந்திருக்கலாம். காயம் இன்னும் தாமதிக்கும், சர்க்கரை ஏறும். ஏற்கெனவே மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.

இனி தூக்கம். முகப்புக் கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். அரைத் தூக்கத்தில் காவல் இருக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவாவது வேறு ஆள் மாமியார் பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் இரண்டாங்கட்டில் ஏழு மணி நேரம் தூங்குங்கள். இரவு ஆளுக்குச் சம்பளம் வேண்டுமென்று கணவரிடம் தயங்காமல் கேளுங்கள். உங்களுக்கான மருந்துச் செலவுதான் இது. காலையில் இருவரும் முற்றத்து வெளிச்சத்தில் அரை மணி உட்காருங்கள். மூன்று மணிக்கு மேல் இருவருக்கும் காபி வேண்டாம். மாமியார் பகலில் அரை மணிக்கு மேல் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி இவற்றாலும் முதியவர்கள் இரவில் எழுந்து நடப்பார்கள். அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.