மதுரையில் வேலைக்குப் போய்க்கொண்டே தமிழி எழுத்தை (பழங்காலக் கல்வெட்டுகளில் உள்ள தமிழ் எழுத்து முறை) சொந்தமாகக் கற்க முடியுமா?

முடியும். மதுரையில் இருக்கும் உங்களுக்கு இன்னும் எளிது. முதல் நாளே இரண்டு எழுத்து கைவசமாகும்: 'க' அப்படியே கூட்டல் குறி, 'ர' வெறும் நேர்கோடு. நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டார் பெயர்களை எழுதிப் பழகினேன். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் 20 நிமிடம் போதும். புள்ளி இல்லாததால், மெய்யா உயிர்மெய்யா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

புத்தகங்களுக்கு நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைத் தேடிப் பாருங்கள்.

சரி, பிறகு மதுரைக்குப் பக்கத்திலுள்ள மாங்குளம் மலை. அங்குள்ள கல்வெட்டுகளை கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். காலையிலேயே ஏறிவிடுங்கள், சாய்வெயிலில்தான் கீறல்கள் எடுப்பாகத் தெரியும். பாறையில் 'கணிய்' என்று தொடங்கும் வரியில் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தக் கூட்டல் குறிதான். யாரும் சொல்லித்தராமல் அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.