அறிதுயிலில் அழுகை வெடித்தால் என்ன செய்வது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சிறிய ஆலோசனை மையம் நடத்துகிறேன். எம்.எஸ்சி. உளவியல் முடித்து, ஹிப்னோதெரபியில் டிப்ளமோ பெற்றிருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று வந்த 34 வயதுப் பெண்ணுக்கு அன்று மூன்றாவது அமர்வு. “பத்துப் படி இருக்கு, ஒவ்வொரு படியா இறங்குங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவது படியில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு “தம்பி, தம்பி” என்று கதற ஆரம்பித்துவிட்டார். பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். தலை வலிக்கிறது என்று கிளம்பியவர் ஒரு வாரமாக வரவில்லை. சிறு வயதில் அவர் தம்பி கிணற்றில் விழுந்து இறந்ததை, உடன் வந்திருந்த அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்தப் பெண்ணுக்கு நீங்கள் கெடுதல் எதுவும் செய்துவிடவில்லை. அறிதுயிலில், அதாவது ஹிப்னாடிச நிலையில், இருப்பவர் அழுவது அபூர்வமும் அல்ல. ஆனால் உலுக்கி எழுப்பியது தவறு. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கை தானாகவே நின்றுவிடும்.

அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1840-களில் இந்த நிலைக்குக் கிரேக்க மொழியின் ‘தூக்கம்’ என்ற சொல்லிலிருந்து ‘ஹிப்னாடிசம்’ என்று பெயர் வைத்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற மருத்துவரே, அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று உணர்ந்து 1847-இல் ‘ஒரே எண்ணத்தில் நிலைத்தல்’ என்று பொருள்படும் வேறு பெயரைக் கொண்டுவரப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. நம் தமிழில் பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் துயிலுக்குச் சொல்லும் ‘அறிதுயில்’ இதற்கு அழகாகப் பொருந்துகிறது. கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். அந்தப் பெண் தம்பியைப் பார்த்து அழுத நேரத்திலும் உங்கள் குரல் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குரலில் பயம் ஏறியதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கிணற்றடியில் நிற்கும் மனதுக்கு, தோளைப் பிடித்த கை யாருடைய கையாகத் தோன்றியதோ!

அதனால் முதல் வேலை உங்கள் மூச்சைச் சீராக்குவது. பிறகு குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “அழுகை வந்தா வரட்டும்மா. நீங்க இங்கதான், இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கீங்க. கால் தரையில இருக்கு. ஃபேன் சத்தம் கேட்குது. நான் பக்கத்துலயே இருக்கேன்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். தொட வேண்டாம். தொட்டுப் பேசலாமா என்று முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தால் மட்டும், சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

அழுகை சில நிமிடங்களில் தானே தணியும். தணியாமல் ஏறிக்கொண்டே போனால் காட்சியைத் தள்ளி வைக்கலாம்: “அது தூரத்துல ஒரு டிவியில ஓடுது. படம் சின்னதாகுது. கலர் போயிருச்சு. சத்தம் குறையுது. ரிமோட் உங்க கையில இருக்கு.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது பிடிமானம்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் இருக்கிறது. சில பயிற்சி வகுப்புகளில், “அடக்கி வைத்ததெல்லாம் கொட்டட்டும், இன்னும் உள்ளே போகச் சொல்லுங்கள்” என்று கற்றுக்கொடுக்கிறார்கள். உணர்ச்சி வெளியேறினால் நோய் தீரும் என்ற கருத்துக்கு 1895-இல் வியன்னா மருத்துவர்களான பிராய்யரும் ஃப்ராய்டும் வெளியிட்ட ஆய்வு ஒரு பெரிய ஊற்று. அதே ஃப்ராய்டு பின்னாளில் ஹிப்னாடிசத்தையே கைவிட்டுவிட்டார். தூக்கத்துக்காக வந்தவரிடம், அவர் அனுமதி இல்லாமல், மூன்றாவது அமர்விலேயே கிணற்றுக்குள் இறங்காதீர்கள். “அப்புறம் என்ன நடந்தது? யார் தள்ளினாங்க?” என்ற கேள்விகள் ஆபத்தானவை. நீங்கள் கேட்கும் விதமே நடக்காத ஒன்றை நினைவாக்கிவிடும். ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகளில் கற்பனை கலக்கும், அவை கூடுதல் துல்லியமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு 1985-லேயே எச்சரித்தது. ஒரு குடும்பம் உடைந்துபோக அப்படி ஒரு ‘நினைவு’ போதும்.

தணிந்த பிறகு மெதுவாக, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி வெளியே கொண்டு வாருங்கள். கை கனக்கிறது, கண் இமை ஒட்டிக்கொண்டது என்று நீங்கள் முன்பு சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுங்கள். அவசரமாக எழுப்பினால் தலைவலியும் மந்தமும் வரலாம். அவருக்கு வந்ததும் அதுவாக இருக்கலாம். எழுந்ததும் தண்ணீர் கொடுங்கள், நாலு அடி நடக்கவிடுங்கள், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். ஸ்கூட்டியில் வந்தவராக இருந்தால் கால் மணி நேரமாவது உட்கார வைத்துப் பேசிவிட்டு அனுப்புங்கள்.

எதிர்பாராத வேறு சிலவும் வரும். சிரிப்பு, இருமல், இமைத் துடிப்பு, கண்ணீர் எல்லாம் சாதாரணம், பேச்சைத் தொடருங்கள். குறட்டை வந்தால் நிஜமாகவே தூங்கிவிட்டார். விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்து, அசையாவிட்டால் குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிட்டால் போதும்.

ஐந்து எண்ணியும் கண் திறக்காதவர்களும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு அப்படி ஒரு பெரியவர் வாய்த்தார். மூன்று முறை எண்ணினேன், அசையவில்லை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. கடைசியில் “எப்போ தோணுதோ அப்போ வாங்க ஐயா” என்று சொல்லிக் காத்திருந்தேன். சில நிமிடங்கள் கழித்து அவரே கண்ணைத் திறந்து, “ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்படி ஒரு சுகம் தம்பி, வர மனசில்ல” என்றார். இதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. விட்டுவிட்டால் தாமாக விழிப்பார்கள், அல்லது தூங்கி எழுவார்கள்.

நம் பக்கத்தில் சாமி வந்து ஆடுவதும் நடக்கும். குறி கேட்பதுபோல அதனிடம் கேள்வி கேட்காதீர்கள், பொய் என்று மறுக்கவும் வேண்டாம். காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிதானத்துக்குக் கொண்டு வாருங்கள். கோயில் கொடையில் சாமி வரும் வழக்கம் உண்டா என்று பிறகு மரியாதையோடு கேளுங்கள்.

வலிப்பு மட்டும் தனி. அப்போது ஹிப்னாடிசப் பேச்சை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது இதுதான் முதல் வலிப்பு என்றால் 108-ஐ அழையுங்கள்.

முக்கியமான வேலை அமர்வுக்கு முன்னால்தான் இருக்கிறது. வலிப்பு, மனச்சிதைவு, தற்கொலை எண்ணம், பெரிய இழப்பு பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படி, தண்ணீர், இருட்டு, லிஃப்ட் இவற்றில் பிடிக்காதது எது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அன்று கிணற்றுப் படியைத் தவிர்த்திருக்கும். “போதும் என்று தோன்றினால் வலது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவேன்” என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது அவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். “அன்னைக்கு நான் பதறி உங்களை உலுக்கிட்டேன், மன்னிச்சிருங்க. இப்போ எப்படி இருக்கீங்க? தூங்குறீங்களா?” அவ்வளவு போதும், தம்பியைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அவர் தானாகப் பேசினால் கேளுங்கள். அந்தத் துக்கம் இன்னும் ஆறாமல் இருந்தால், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவதே முறை. உயிரை விடும் எண்ணம் பற்றிப் பேசினால் அன்றே அனுப்புங்கள், வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும், 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும் அரசு மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணையும் கொடுங்கள். திரும்ப உங்களிடமே வந்தால் முதல் நாள் கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள். அடுத்து வரும்போது படிகளை விட்டுவிட்டு, அவருக்குப் பிடித்த இடம் எது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.